ஆளில்லாக் கடல் என்றொரு கட்டுக்கதை

கடல் அழிகிறது என்று பேச்செடுத்தால் போதும், தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. கடல் எல்லாருக்கும் பொது. பொதுவானதை எவரும் பேண மாட்டார்; அடுத்தவன் அள்ளுமுன் நாம் அள்ளிவிடுவோம் என்றுதான் பார்ப்பார். ஆகவே அரசு எல்லை வகுக்க வேண்டும், ஆய்வாளர் அளவு சொல்ல வேண்டும், மீனவர் கேட்டு நடக்க வேண்டும். நம் ஊர்க் கருத்தரங்குகளில் இது ஏறக்குறைய வாய்ப்பாடாகவே ஒப்பிக்கப்படுகிறது. (மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல் இருக்கும். அது எந்த வலையில் வந்தது என்று எவரும் கேட்பதில்லை.)

தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய சமூகங்களுக்கென்று ஒழுங்குகள் இருந்தனவே என்று யாராவது நினைவூட்டினால், பரிவோடு ஒரு பதில் கிடைக்கும். அந்தக் காலத்தில் அவர்களிடம் இருந்தது கட்டுமரமும் பருத்தி வலையும்தான். அழிக்கும் வலு இல்லாததால் அழிக்கவில்லை. கைக்கு எட்டாததைத் தொடாமல் விட்டதற்கெல்லாம் பாதுகாப்பு மரபு என்று பெயர் சூட்ட வேண்டாம்.

எதிர்த்தரப்பு வாதங்களில் இதுதான் பலமானது. அதனால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதற்குப் பதில் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், பாம்பனையும் சின்னப்பாலத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டி வளரும் பாசியைப் பறித்து மேலே வரும் வேலை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, பறித்ததைப் போட ஒரு வலைப்பை. கருவி என்று பார்த்தால் அவ்வளவுதான். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் வருகிறது. நாம் தின்னும் ஐஸ்கிரீமிலிருந்து துணி அச்சடிக்கும் சாயம் வரை இவை போய்ச் சேர்கின்றன.

பாசி நன்றாக வளர்வது மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித்தான். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986இல் அவை கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன, 1989இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. அறிவிப்பு வந்த அன்றே எதுவும் மாறிவிடவில்லை. 2000ஐ ஒட்டிக் கெடுபிடி இறுகியபோதுதான், அம்மாவும் பாட்டியும் பாசி எடுத்த இடத்துக்குள் போவது குற்றம் என்று இந்தப் பெண்களுக்குத் தெரியவந்தது. பவளப்பாறையைச் சுரண்டி அழிக்கிறார்கள் என்பது அவர்கள்மேல் வைக்கப்பட்ட பழி.

அந்தப் பழியில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சிலர் உலோகச் சுரண்டி கொண்டுபோனது உண்மை. சுரண்டி வைத்து எடுத்தால் வேலை வேகமாக நடக்கும், எடை கூடும், காசும் கூடும். ஆனால் பாசி வேரோடு வரும், பாறையும் பெயரும். நம் வாய்ப்பாட்டின்படி அடுத்து நடந்திருக்க வேண்டியது என்ன? தடை வந்ததும் திருட்டுத்தனமாகப் போய், கிடைத்த நேரத்துக்குள் முடிந்த மட்டும் சுரண்டியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அந்தப் பெண்கள் கூடிப் பேசினார்கள். சுரண்டி கூடாது, கையால்தான் பறிப்பது, அடி ஒட்டியிருக்கும்படி விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பது என்று முடிவெடுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். விசைப்படகுகளுக்கு அரசு அப்போது விதித்திருந்த 45 நாள் தடைக்காலம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அந்த நாட்களில் பாசியையும் தொடுவதில்லை. இந்த ஏற்பாட்டை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைத் தந்தது. விருது வந்தபோதும் அவர்களுடைய தொழில் சட்டத்தின் பார்வையில் அத்துமீறல்தான்.

வலு இல்லாததால்தான் அழிக்கவில்லை என்பவர்கள் இதை எதில் சேர்ப்பார்கள்? சுரண்டி கையில் இருந்தது. வாங்க வியாபாரி கரையில் நின்றார். வீட்டில் தேவைக்குக் குறைவில்லை. மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களின் வருமானத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். எட்டாததை விட்டவர்கள் என்று இவர்களைச் சொல்ல வழியில்லை. எட்டியதைக் கீழே வைத்தவர்கள். இந்த விதிகள் சங்ககாலத்திலிருந்து வந்தவையும் அல்ல. நம் கண்முன், நம் காலத்தில் செய்யப்பட்டவை. கடலோரச் சமூகத்தின் மரபு என்று நான் பாதுகாக்க நினைப்பது கட்டுமரத்தையோ பருத்தி வலையையோ அல்ல. கடலில் யார், எப்போது, எதைக் கொண்டு இறங்கலாம் என்று தாங்களே கூடி விதி செய்து, அதற்குத் தாங்களே கட்டுப்படும் அந்த வழக்கத்தைத்தான்.

அதே தீவுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாசி எடுப்பவர்களைப் பூங்காவைவிட்டு விரட்டிய அதே காலத்தில், கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை அதே கடலோரம் வளர்க்க ஊக்கம் கொடுக்கப்பட்டது. ஆய்வு நிறுவனம் சோதனை செய்தது, பெரிய நிறுவனம் முதல் போட்டது, வங்கி கடன் கொடுத்தது. எல்லாம் முறைப்படி, கையெழுத்தும் முத்திரையுமாக. 2008இல் அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து மூடியிருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கையால் பறித்தவர்களுக்கு வழக்கு, பவளத்தை மூடியதற்கு மானியம். ஆய்வாளர் அளவு சொல்ல, அரசு எல்லை வகுக்க, எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் ஊரின் கணக்கையாவது போட்டுப் பார்க்கலாம்.

இனி, பொதுவானதை எவரும் பேண மாட்டார் என்ற மூல வாதத்துக்கு வருகிறேன். இதற்கு இன்றைய அந்தஸ்தைத் தந்தது, 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஒரு கட்டுரை. எல்லாருக்கும் திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்லே இராது என்றார். கடலுக்கும் இதே கதிதான் என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அந்தக் கட்டுரையின் உண்மையான கவலை மக்கள்தொகைப் பெருக்கம். எந்த மேய்ச்சல் நிலத்துக்கும் எந்த மீனவர் குப்பத்துக்கும் போய்ப் பார்த்து எழுதியதல்ல அது, மனக்கணக்கு. 1990களில் அவரே, தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொதுநிலத்துக்குத்தான் பொருந்தும் என்று திருத்திக்கொண்டார். திருத்தம் நம் பாடப்புத்தகங்களுக்கு வந்து சேரவில்லை.

போய்ப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் துருக்கியின் அலான்யா கரையை விவரிக்கிறார். அங்கே மீன்பிடி இடங்களுக்குப் பெயர் வைத்து, ஒருவர் வலை அடுத்தவருக்கு வரும் மீனைத் தடுக்காத தூரத்தில் அவற்றைப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுப் போட்டு இடம் எடுப்பார்கள். சனவரி வரை தினமும் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும், பிறகு மே வரை மேற்கே. மீன் எந்தப் பக்கம் வந்தாலும் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு வந்துவிடும். பத்தாண்டுகளுக்கு மேல் அடித்துத் திருத்திச் செய்த ஏற்பாடு அது. காவலுக்கு ஆளும் வேண்டாம். நல்ல இடத்தில் இன்று முறை உள்ளவர் எப்படியும் விடியுமுன் அங்கே வந்து நிற்பார், அதுவே காவல்.

அலான்யா வரை போவானேன்? சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நன்றாகப் படும். அந்த இடங்களை வலிமையுள்ளவன் பிடித்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டாகச் சேர்ந்த குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்து, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் சுத்துவலை போடலாம் என்று வகுத்திருக்கிறார்கள். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு உறவுமுறையான ஏற்பாடுகள் உண்டு. இறால் வெளியேறும் குறுகிய வாயில் அது. கிடைத்த வலைகளையெல்லாம் தினமும் அங்கே நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறிய இயந்திரப் படகு வேண்டியதில்லை. வலையில் இல்லாத வரம்பை முறையில் வைத்தார்கள்.

பாடு முறையைப் புகழும்போது மறைக்கக் கூடாதது ஒன்றுண்டு. அது பட்டினவர் என்ற மீனவச் சாதியின் ஊர்களுக்குள் அடங்கியது. அதே ஏரியை நம்பியிருக்கும் பட்டியல் சாதி மீனவர்களுக்கும், தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. 1980களில் இறால் விலை ஏறியபின் இந்தப் பூசல் முற்றியது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் பேச இடமில்லாத கரைகள் இன்றும் உண்டு. மரபு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை, அது அவர்கள் குறை. ஆனால் சாதி பார்க்கும் ஒரு விதியைத் திருத்துவதற்கு, எல்லாரையும் அந்த விதிக்குள் கொண்டுவருவதுதான் வழி. விதியே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் ஏரி இருளருக்கும் கிடைக்காது, பட்டினவருக்கும் கிடைக்காது. அதிகம் வலை வாங்கக் காசுள்ளவருக்குப் போகும்.

தென்னிலங்கையில் மாவெல்ல என்ற ஊரில் நடந்தது அதுதான். ஆஸ்ட்ரம் அதைத் தோல்வியின் எடுத்துக்காட்டாகவே சொல்கிறார். நம்மோடு வாதிடுபவர்களுக்குப் பிடித்த அத்தியாயமாக இருக்கலாம். ஆனால் முழுக்கப் படிக்க வேண்டும். அங்கே கரைவலைக்காரர்கள் முறை வைத்து இழுத்தார்கள், எந்த வலைக்கும் நல்ல நேரமும் நல்ல இடமும் மாறிமாறி வரும்படி. வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கச் சட்டமும் இருந்தது. வரம்பைக் காக்க வேண்டிய தருணத்தில் அரசியல் செல்வாக்கு உள்ளே வந்தது, புதிய வலைகள் பதிவாயின. ஒரு வலைக்கு முறை வருவதே அபூர்வமாகும் அளவுக்கு வலைகள் பெருகின. ஊரார் விதி செய்யத் தெரியாமல் தோற்கவில்லை. விதியைக் காக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லாமல் தோற்றார்கள்.

நம் கரையிலும் கடலை ஆளில்லாததாக ஆக்கியது யார் என்று கேட்டால் விடை அதே திசையில்தான் இருக்கிறது. 1952இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்தோ-நோர்வே திட்டம் தொடங்கியது. பாரம்பரிய மீனவரின் வாழ்வை உயர்த்துவதுதான் நோக்கம் என்றார்கள். இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது என்று தெரிந்ததும் திட்டம் இழுவை மடிக்குத் திரும்பியது. கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த வலையோடு விசைப்படகுகள் மானியத்திலும் கடனிலும் பெருகின. கடலை ஒருநாளும் கண்டிராத ஊர்க்காரரும் முதல் இருந்தால் படகு இறக்கலாம் என்று ஆனது. ஊருக்கு ஊர் இருந்த கட்டுப்பாடு எதுவும் இந்தப் படகுகளைக் கட்டுப்படுத்தவில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லை. திறந்த கடல் என்ற நிலையைச் சட்டம் உண்டாக்கிவிட்டு, அதில் நடந்த கொள்ளையை மனித இயல்பு என்கிறோம்.

அதை நிறுத்தச் சொல்லி முதலில் குரல் கொடுத்தது எந்த ஆய்வு நிறுவனமும் அல்ல. 1970களில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் கைகலப்பு வரை போனது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியது அந்தச் சண்டைகளின் விளைவு. கேரளத்தில் மழைக்காலத்தில் இழுவை மடியைத் தடைசெய் என்று மீனவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள், கன்னியாஸ்திரீகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு பாபு பால் குழு, கலவார் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று குழு மேல் குழு போட்டது. மழைக்காலத்தில் மீன் முட்டையிடும், அப்போது அடியை வாராதே என்பதுதான் மீனவர் சொன்னது. போதிய சான்று இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் பல்லவி. 1988இல் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இப்போது அதை அறிவியல்பூர்வ மேலாண்மை என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். யார் கேட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடும்?

இங்கே ஒருவர் எழுந்து, அப்படியென்றால் மீன்கூட்டத்தை வளைத்து மொத்தமாக அள்ளும் சுருக்குமடி வலை போடுவது யார் என்று கேட்பார். நியாயமான கேள்வி. கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை அந்த வலையைப் போடுவதும் கடலோரச் சமூகத்தவர்தான். ஒரே சாதி, சிலசமயம் ஒரே குடும்பம். ஆனால் அதை எதிர்த்துக் கரையில் மறியல் செய்வதும் அதே சமூகத்தவர்தான் என்பதை விட்டுவிடுகிறோம். கோரமண்டல் கரை ஊர்களை ஆய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், மீன்வளத்துக்கோ மற்ற வலைக்காரருக்கோ ஊரின் பொதுநலனுக்கோ கெடுதி என்று கண்ட கருவிகளை ஊர்ப் பஞ்சாயத்துகள் தடைசெய்துவந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்று என்ன மதிப்பு? ஒரு வலைக்கு இலட்சக்கணக்கில் முதல் போட்டவர் ஊர்த்தீர்ப்பை மதிக்காமல் நீதிமன்றம் போகலாம். மாநில அரசு தடை விதிக்கிறது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரு நாளும் காலை 8 முதல் மாலை 6 வரை போடலாம் என்று இடைக்கால உத்தரவு தருகிறது. அந்த நேரத்துக்குள் 12 மைல் போய், பிடித்து, திரும்ப முடியுமா என்று கரையில் நிற்கும் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். கேரளத்தில் இதன் உடன்பிறப்பான வளைய வலை உருவானபோது மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே வடிவமைப்பில் கைகொடுத்தது. மீனவரின் பேராசை என்று மட்டும் இதை எழுதிவிட முடியாது.

விஞ்ஞானம் வேண்டாம் என்பது என் கட்சியல்ல. கரை கரையாக இடம்பெயரும் மத்தியை ஓர் ஊர் கூடி நிர்வகிக்க முடியாது. கடல் சூடாவதையும் அனல்மின் நிலையக் கழிவையும் ஊர்க்கூட்டம் போட்டு நிறுத்த முடியாது. ஊர் செய்ய முடிந்ததை ஊரிடமிருந்து பறிக்காதே என்பதுதான் வழக்கு. ஊர் விதியும் விஞ்ஞானமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பசிபிக் தீவு நாடான பலாவில் பார்க்கலாம். அங்கே தலைவர்கள் கூடி, ஒரு கடற்பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடுவதற்கு 'புல்' என்று பெயர். 1970களில் அங்கே போய் மீனவர்களிடம் பாடம் கேட்ட ராபர்ட் ஜொஹான்னஸ் என்ற கடல் உயிரியலாளர் ஒன்றைக் கண்டு திகைத்தார். எந்த மீன் எந்தப் பிறையில் முட்டையிடக் கூடும் என்பதில், உலகம் முழுவதற்கும் அறிவியல் நூல்களில் பதிவாகியிருந்ததைப்போல் பலமடங்கு இனங்களைப் பற்றிய அறிவு அந்த மீனவர்களிடம் இருந்தது. மூடிய பருவம், மூடிய இடம், குறைந்தபட்ச அளவு என்று மேலைநாடுகள் தாமதமாகக் கண்டுபிடித்தவை ஏறக்குறைய அனைத்தும் பசிபிக் தீவுகளில் நூற்றாண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தன என்று 1978இல் எழுதினார். எல்லாத் தீவினருக்கும் இந்த ஒழுக்கம் இருந்ததாகவும் அவர் கதைகட்டவில்லை. மீன் தீராது என்று இருந்த இடத்தில் கட்டுப்பாடும் பிறக்கவில்லை. தீரும் என்று பட்டறிந்த இடத்தில்தான் பிறந்தது என்றார். வலு இல்லாதவரிடம் அல்ல, அழித்துப் பார்த்தவரிடம்தான் விதி பிறக்கிறது. பலாவு அரசு 2015இல் சட்டம் இயற்றி, 2020 முதல் தன் கடலில் 80 சதவீதத்தை மீன்பிடிக்கு மூடியபோது, 'புல்' மரபின் தொடர்ச்சி என்று சொல்லித்தான் மக்களிடம் அதைக் கொண்டுபோனது.

நம்மிடம் அப்படிச் சொல்ல ஒரு சட்டம் இல்லை. காட்டுக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தங்கள் காட்டைப் பேணவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உள்ள உரிமையை அது எழுத்தில் ஒப்புக்கொண்டது. நடைமுறையில் அதை எத்தனை இடங்களில் முடக்கியிருக்கிறார்கள் என்பது தனிக் கதை, என்றாலும் வழக்குப் போட ஒரு சட்டமாவது இருக்கிறது. கடலுக்கு அதுவும் இல்லை. பழவேற்காட்டுப் பாடு முறையை மீன்பிடிச் சட்டம் அறியாது. சின்னப்பாலத்துப் பெண்களின் 12 நாள் விதிக்கும் அதில் இடமில்லை. இதற்கிடையே, 2021 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவித்த கடற்பாசிப் பூங்கா அதே மாவட்டத்தின் வலமாவூரில் 127 கோடி ரூபாய்ச் செலவில் வருகிறது. எந்தப் பாசியை வளர்ப்பது, தீவுகளிலிருந்து எவ்வளவு தள்ளி வளர்ப்பது, படர ஆரம்பித்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் முடிவுசெய்யும் முன், கையால் பறிக்கும் அந்தப் பெண்களின் ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு பிரிவைத் தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்க்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.